பி.டி. டீச்சர் பதில்கள்: கயத்தாறு தாண்டியும் நடந்த நாள்

(கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை தனியாளாக நடந்து, கோவில்பட்டி வட்டாரத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் ஒரு சேவை அமைப்புக்கு நிதி திரட்டியவர், ஓய்வு பெற்ற இந்த உடற்கல்வி ஆசிரியை. சென்ற இதழில் எழுதிய குறிப்பில் "ஒரே நாளில் 42 கிலோமீட்டர்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கு அவரே பதில் சொல்கிறார்.)

கேள்வி: டீச்சர், நான் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போயிருக்கிறேன். இருபது கிலோமீட்டர் தாண்டினாலே கால் இழுக்கிறது. உங்கள் வயதில் 42 எப்படி முடிந்தது? அந்த ஒரு நாளை மட்டும் விவரமாகச் சொல்லுங்களேன்.
- கல்லூரி மாணவர், தென்காசி

பதில்: தம்பி, 42 என்பது நான் போட்ட திட்டமே இல்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கிளம்பிக் கயத்தாறில் படுப்பது என்பதுதான் ஏற்பாடு. அது ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எனக்கு அதுவே பெரிய நாள். மற்ற நாட்களில் இருபது, இருபத்திரண்டோடு நிறுத்திக்கொள்வேன். அது குறைச்சல் என்று நினைக்காதே. 1930இல் ராஜாஜி உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தாரே, 150 மைல், 15 நாள். அதாவது நாளுக்கு 16 கிலோமீட்டர். காந்தி தண்டிக்குப் போன கணக்கும் கிட்டத்தட்ட அதே. இருபதில் உனக்குக் கால் இழுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். தை மாதம். பழைய மாணவி ஒருத்தி வீட்டில் தங்கியிருந்தேன். மூன்றரைக்கே எழுந்து காபி போட்டுக் கொடுத்து, ஒரு வாழைப்பழத்தையும் கையில் திணித்தாள். நான்கு மணிக்கு இறங்கிவிட்டேன். என் நாள் கணக்கெல்லாம் வெயிலை வைத்துத்தான். பத்தரை, பதினொன்றுக்குள் முக்கால்வாசித் தூரத்தை முடித்துவிட வேண்டும். அதற்கு அப்புறம் நடக்கிற ஒவ்வொரு கிலோமீட்டரும் இரண்டு கிலோமீட்டருக்குச் சமம்.

தச்சநல்லூர் தாண்டும்வரை தெருவிளக்கு உண்டு. அந்த நேரத்தில் எனக்குப் பயமெல்லாம் நாய்களைப் பார்த்துத்தான். ராத்திரி எலும்புக்குக் கூடின கூட்டம் பரோட்டா கடை வாசலை விட்டுப் போயிருக்காது. ஓடவும் கூடாது, முறைக்கவும் கூடாது. குடைக்கம்பைத் தரையில் தட்டிக்கொண்டே அதே வேகத்தில் போய்விட வேண்டும். தாழையூத்து வரும்போது ஆறரை. சிமெண்ட் ஆலைக்கு எதிரே லாரிகள் வரிசையாக நின்றன. டீக்கடைக்காரர் என் முதுகுப் பையில் இருந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். முதல் பத்து கிலோமீட்டர் எப்போதுமே இப்படித்தான், நடந்த மாதிரியே இருக்காது.

கங்கைகொண்டானில் இட்லி. அதுவரைக்கும் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி பஸ்கள் எதிரே வந்துகொண்டே இருந்தன. எதிரே என்று ஏன் சொல்கிறேன் என்றால், வருகிற வண்டியைப் பார்த்தபடி நடப்பதுதான் பாதுகாப்பு. வடக்கே போகிற நான், தெற்கே வரும் வண்டிகளின் சாலையில், அதன் வெளி ஓரமாக நடந்தேன். முதுகுக்குப் பின்னால் வரும் லாரியை நம்பி நடக்க எனக்குத் தைரியம் இல்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு. மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலையை ஓரத்துக்குச் சரிவாகத்தான் போடுவார்கள். நாள் முழுக்க ஒரே ஓரத்தில் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே இருக்கும். எனக்கு வலது கால். மதியத்துக்கு மேல் வலது இடுப்பு என்னிடம் தனியாகப் பேச ஆரம்பித்துவிடும். சர்வீஸ் ரோடு வரும் இடத்திலெல்லாம் இறங்கி நட்டநடுவில் நடந்து அதைச் சமாதானப்படுத்துவேன்.

வெயிலும் அப்படித்தான், இடம் பார்த்து அடிக்கும். வடக்கே நடப்பவர்களுக்குக் காலையில் வலது கன்னம், சாயங்காலம் இடது கன்னம். தை மாதச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உச்சிப்பொழுதில் பிடரி. நான்குவழிச் சாலை போட்டபோது ஓரத்துப் புளியமரங்கள் போய்விட்டன. நடுவில் அரளி பூத்துக் குலுங்குகிறது, யாருக்கு நிழல் தரும்? கடைசியில் குடைதான் மரம். எங்கள் அப்பா காலத்து மாதிரிப் பெரிய கறுப்புக் குடை. தொப்பி போட்டால் தலை வேகும், தோளும் காயும்.

பத்து மணி வாக்கில் எதிரே ஒரு பாதயாத்திரைக் கூட்டம். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போகிறவர்கள், பச்சை வேட்டி, பச்சைச் சேலை. முன்னால் குட்டியானை வண்டியில் முருகன் படம், ஒலிபெருக்கி. பெரியவர் ஒருவர் நிறுத்தி, "உங்க கூட்டம் எங்கம்மா?" என்றார். கூட்டமில்லை, நான் மட்டும்தான் என்றேன். "தனியாவா போறிய? யாருக்கு நேர்ச்சை?" அக்காவுக்கு என்று சொன்னேன். அவளுடைய கடைசி மாதங்களில் வீட்டுக்கே வந்து புண்ணுக்கு மருந்து கட்டி, வலிக்கு மருந்து கொடுத்துப் போன நர்ஸ்களின் வண்டிக்காகத்தான் இந்த நடை என்பதையெல்லாம் நடுரோட்டில் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. நேர்ச்சை என்று அவர் சொன்னதே போதுமானதாக இருந்தது. குட்டியானையிலிருந்து எலுமிச்சைச் சாதம் எடுத்து வாழையிலையில் வைத்துக் கொடுத்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

பதினொன்றுக்குச் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு சுடலைமாடன் கோயில். பீடத்துக்குப் பக்கத்தில் பெரிய வேம்பு. ஷூவைக் கழற்றி, சாக்ஸை வெயிலில் காயப்போட்டு, காலைப் பையின் மேல் உயர்த்தி வைத்துப் படுத்துவிட்டேன். படுக்கும் முன் சாமியிடம் அனுமதி கேட்டேன், அந்தச் சாமியிடம் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது. மூன்றரை வரை தூக்கம், விழிப்பு, மறுபடி தூக்கம். தம்பி, உன் கேள்விக்கு நேரான பதில் இந்த நான்கரை மணி நேரம். பாதயாத்திரையில் கூட்டத்தோடு போகும்போது அடுத்தவர் எழுந்தால் நாமும் எழுந்துவிடுவோம். தனியாகப் போகிறவளுக்கு அந்த அவசரம் இல்லை.

கயத்தாறு வந்தபோது ஐந்து. கட்டபொம்மன் சிலையைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் போனேன். 1799 அக்டோபர் 16இல் அவரைத் தூக்கிலிட்ட ஊர். சிவாஜி கணேசன் தன் செலவில் வைத்த சிலை அது. அப்புறம் தங்குவதாகச் சொல்லியிருந்த மண்டபத்துக்குப் போனால், வாசலில் வாழைமரம், உள்ளே வளைகாப்பு. நான் வருவதைச் சொல்லியிருந்தவர் போனை எடுக்கவில்லை. காவலாளி பாவம், "சாப்பிட்டுட்டுப் போங்கம்மா, படுக்க மட்டும் இடமில்ல" என்றார்.

இங்கே இரண்டு வழி இருந்தது. பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் கோவில்பட்டியில் என் சொந்த வீடு. காலையில் மறுபடி பஸ் பிடித்துக் கயத்தாறில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து நடக்கலாம். பலர் அப்படிச் செய்கிறார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் என் கட்டிலில் ஒரு ராத்திரி படுத்தால் மறுநாள் காலையில் நான் எழுந்து வரமாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். இன்னொரு வழி இடைசெவல். அங்கே என்னிடம் கோ-கோ விளையாடிய பெண் ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். போன் செய்தேன். "வாங்க டீச்சர், வெந்நீர் போட்டு வைக்கேன்" என்றாள். இன்னும் 12 கிலோமீட்டர்.

இரண்டு பருப்பு வடை, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, உப்புப் போட்ட மோர். ஐந்தரைக்கு மறுபடி சாலையில் இறங்கினேன். ஆறரைக்கு இருட்டிவிட்டது. சொல்லிவைத்த மாதிரி அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் டி.வி.எஸ். வண்டியில் எதிரே வந்து, திருப்பி எனக்குப் பின்னால் நின்றார். ஏறிக்கொள்ளுங்கள் என்று அவரும் சொல்லவில்லை, அவருடைய மனைவி சொல்லி அனுப்பியிருப்பாள். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, முதல் கியருக்கும் கீழே ஒரு வேகம் இருந்தால் அந்த வேகத்தில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். அவர் வண்டி விளக்கில் என் நிழல் எனக்கு முன்னால் நீளமாகப் போனது. கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்கள் நட்டிருப்பார்கள். பகலில் நான் அவற்றைக் கவனித்ததே இல்லை. அந்த ராத்திரி ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு போனேன். உள்ளங்கால் எரிச்சல் முப்பத்தைந்துக்கு மேல் மரத்துப்போனது. அதற்குப் பதிலாக முன்னங்கால் எலும்பில் குத்தல் வந்தது. பையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எப்போதும் உண்டு. 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரே கொண்டாடியது. அன்றைக்கு எனக்கு அது மருந்து. பத்துப் பத்துக் கல்லுக்கு ஒரு துண்டு.

எட்டே முக்காலுக்கு இடைசெவல். அந்தச் சாயங்கால 12 கிலோமீட்டரை யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். பின்னால் ஒரு வண்டி இல்லையென்றால் நெடுஞ்சாலையில் இருட்டிய பிறகு நடக்கக்கூடாது, எதிரொளிக்கும் மேல்சட்டை போட்டிருந்தாலும் சரி. மறுநாள் கோவில்பட்டியைக் கடந்தபோது பைபாஸிலேயே போய்விட்டேன். என் தெருப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

கேள்வி: நடந்தால் யார் பணம் தருகிறார்கள்? வழிச்செலவுக்கு ஆன பணத்தை அப்படியே அந்த அமைப்புக்குக் கொடுத்திருக்கலாமே? கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.
- வியாபாரி, விருதுநகர்

பதில்: கோபமே இல்லை. விருதுநகர்க்காரர் கணக்குக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்.

நீங்கள் சொல்வது பாதி சரி. சாலை பணம் தராது. எனக்கு வந்ததில் பெரும்பகுதி நான் கன்னியாகுமரிக்குப் பஸ் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டது. எத்தனையோ வருடம் வேலை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு செட் மாணவிகளுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் நான் கேட்டது ஒன்றுதான்: கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். கன்னியாகுமரி முதல் சென்னை வரை ஏறக்குறைய 700 கிலோமீட்டர், ஆகவே ஒருத்திக்கு 700 ரூபாய். வெறுமனே எழுநூறு கொடு என்று கேட்டால் யோசிப்பாள். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்றால் "அவ்வளவுதானா டீச்சர், இரண்டாப் போட்டுக்கோங்க" என்பாள். அப்புறம், தினமும் நான் எங்கே இருக்கிறேன் என்று குழுவில் சொல்வதால், கொடுக்காதவர்களுக்கும் நினைவு வந்துகொண்டே இருக்கும். நடை செய்த வேலை அதுதான். வழிச்செலவு என் பென்ஷனிலிருந்து. திரட்டிய பணத்தில் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை.

பணம் என் கணக்குக்கு வரவே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். அமைப்பின் வங்கிக் கணக்குக்கான க்யூ.ஆர். கோடு அட்டையைப் பிளாஸ்டிக் உறை போட்டு முதுகுப் பையில் தைத்திருந்தேன். ஸ்கேன் செய்தால் அவர்கள் பெயர்தான் வரும். பிரிட்டனில் கேப்டன் டாம் மூர் என்ற பெரியவர் நூறு வயதை எட்டப்போகும் நேரத்தில், 2020இல் தன் வீட்டுத் தோட்டத்தில் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நூறு சுற்று நடந்தார். ஆயிரம் பவுண்டு கிடைத்தால் போதும் என்று ஆரம்பித்தது, மூன்று கோடி பவுண்டைத் தாண்டியது. அந்தப் பணம் அங்குள்ள பொது மருத்துவச் சேவைக்கான அறக்கட்டளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பிறகு அவர் பெயரிலேயே குடும்பத்தார் ஒரு தனி அறக்கட்டளை தொடங்கினார்கள். அதை நடத்திய விதத்தைக் கண்டித்து 2024இல் அந்நாட்டு அறக்கட்டளை ஆணையம் அறிக்கையே வெளியிட்டது. பெரியவர் நடந்ததில் ஒரு குறையும் இல்லை. நடப்பவர் பெயரில் தனிக் கணக்கு வேண்டவே வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரசீது விஷயம். அமைப்புக்கு 80ஜி பதிவு இருந்தால் நன்கொடையாளர் வருமான வரியில் கழிவு கேட்கலாம். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்குக் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை. அமைப்பிடம் 10பிஇ சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், வெறும் ரசீது போதாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட மாணவிகள் சிலர் அனுப்ப ஆசைப்பட்டார்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு அமைப்புக்கு இல்லாததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வருத்தம்தான், ஆனால் அது சட்டம்.

ஆனாலும் சாலை கொஞ்சம் கொடுத்தது, ஐயா. கங்கைகொண்டானுக்கும் கயத்தாறுக்கும் நடுவே சர்வீஸ் ரோட்டில் உளுந்து காயப்போட்டிருந்தார்கள். செடியோடு பரப்பி, வருகிற வண்டிகள் மிதித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார்களே, அதுதான். ஒரு பாட்டி காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். உளுந்தை மிதிக்காமல் சுற்றிப் போனேன். அதுவே அவளுக்குப் பிடித்துவிட்டது போல. கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினாள். அமைப்பு கொடுத்த ரசீதுப் புத்தகம் கையில் இருந்தது. கார்பன் தாளைச் சொருகி, பெயர் என்ன பாட்டி என்றேன். தன் பெயர் வேண்டாம், பேரன் பெயரை எழுது என்றாள். எழுதியதும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சர்க்கார் சீல் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று காட்டினேன், அமைப்பின் சீல்தான். மடித்து அதே முடிச்சில் வைத்துக்கொண்டாள்.

கேள்வி: நான் தனியாகக் கடைக்குப் போகவே யோசிப்பவள். கழிப்பறைக்கு என்ன செய்தீர்கள்? பயமாக இல்லையா?
- இல்லத்தரசி, மதுரை

பதில்: தங்கச்சி, கழிப்பறைதான் உண்மையான பிரச்சினை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கிற பெண்களைப் பாதயாத்திரையில் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை இருக்கும், எரிபொருள் போடாதவர்களும் போகலாம். பூட்டியிருந்தால் சாவி கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரலில் கேட்பேன், சாவி வந்துவிடும். சுங்கச்சாவடிகளிலும் உண்டு. முதல் நாளே அடுத்த நாளுக்கான பங்குகளையும் சாவடிகளையும் போனில் வரைபடத்தில் பார்த்துக் குறித்து வைப்பேன். தண்ணீர் குடிப்பதை அந்தக் கணக்கோடு சேர்த்துக்கொள்வேன். முன்னாலேயே சொன்ன சேலை கட்டிய கூட்டங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்டால், நான்கு பேர் சேலையைப் பிடித்து மறைத்துக்கொள்வார்கள். தனியாகப் போகிறவளுக்கு அந்த வசதி இல்லை. குடை அதற்கும் உதவும்.

பயம் பற்றி. ஆள் பயம் எனக்குக் குறைவு, வண்டி பயம் அதிகம். நான்குவழிச் சாலையில் ஓரத்தில் எதிர்த்திசையில் வருகிற பைக்குகள்தான் மோசம், பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும். மாலையில் தங்கும் இடம் முன்பே பேசி வைத்த வீடாகவோ, சத்திரமாகவோ இருக்க வேண்டும். அது கைவிட்டால் என்ன செய்வது என்று இரண்டாவது இடமும் வேண்டும். இருக்கும் இடத்தைத் தொடர்ந்து காட்டும் வசதியை வாட்ஸ்அப்பில் இரண்டு பேருக்குத் திறந்து வைத்திருந்தேன். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, நெடுஞ்சாலை உதவிக்கு 1033, இந்த மூன்றும் போனிலும் உண்டு, சட்டைப் பைக்குள் ஒரு தாளிலும் உண்டு. போன் சார்ஜ் தீரும் நேரத்தில்தானே எல்லாம் நடக்கும். தமிழ்நாடு காவல் துறையின் 'காவல் உதவி' செயலியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்கே போறிய, எந்த ஊரு, பிள்ளைகள் இல்லையா, இந்த வயசுல ஏன்?" இந்தக் கேள்விகளுக்கு ஒரு நாளைக்கு இருபது முறை பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் நான் இந்தச் சாலையில் போகிறேன் என்று தெரியும். ஒரு ஊரில் பதில் சொன்னால் அடுத்த ஊர் டீக்கடைக்கு என் செய்தி எனக்கு முன்னால் போய்விடும். அதைவிடப் பெரிய காவல் எனக்குத் தெரியாது. கடைக்குத் தனியாகப் போய்ப் பாருங்கள், முதலில்.

கேள்வி: கொப்புளம் வந்தால் உடைக்கலாமா, கூடாதா? ஷூவா, செருப்பா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஷூ. நடந்து பழகிய ஷூ. சாயங்காலம் கடைக்குப் போய் வாங்குங்கள், காலையில் இருப்பதைவிட அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும். இறக்கத்தில் விரல் முன்னால் இடித்தால் நகம் கறுத்து விழுந்துவிடும்.

கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் சுடும். சூடு தெரிந்த உடனே நின்று டேப் ஒட்ட வேண்டும், அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று போகக்கூடாது. சின்னதாக இருந்தால் உடைக்க வேண்டாம். பெரிதாகி நடக்க விடாவிட்டால் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வெளியே விடுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அதுதான் கட்டு. சர்க்கரை நோயாளிகள் இதைத் தாங்களே செய்யக்கூடாது. காலையில் விரல் இடுக்கில் வாசலின், மெல்லிய சாக்ஸ் மேல் இன்னொரு சாக்ஸ், மதியம் கழற்றிக் காயவைப்பது. இவ்வளவுதான் என் வைத்தியம்.

உப்பு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வியர்வையோடு உப்பு போகும், வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் தலைசுற்றும். மோர், நீராகாரம், இல்லாவிட்டால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து, எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். அதே பாணியில் பழச்சுவையோடு கடையில் தொங்கும் பானங்கள் பல வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

கேள்வி: நாள் முழுக்கத் தனியாக நடக்கும்போது என்ன நினைப்பீர்கள்? தத்துவமா, பாட்டா?
- வாசகி, காரைக்குடி

பதில்: தத்துவமெல்லாம் இல்லை. காலையில் சாப்பாடு பற்றி, மதியம் நிழல் பற்றி, சாயங்காலம் கால் பற்றி. நடுவில் 1994இல் மாவட்டப் போட்டியில் எங்கள் கோ-கோ அணியைத் தோற்கடித்த நடுவர் பற்றி. பாட்டு கேட்பது கிடையாது, காதில் எதையாவது மாட்டினால் வண்டிச் சத்தம் கேட்காது.

கேள்வி: எனக்கு வயது 52. பத்து வருடமாகச் சர்க்கரை. எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு நூலகம் கட்ட நிதி வேண்டும். கொடைரோட்டிலிருந்து பழனிக்குத் தனியாக நடக்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் ஆசி வேண்டும்.
- வாசகர், நிலக்கோட்டை

பதில்: ஆசி பிறகு. முதலில் டாக்டர். பத்து வருடச் சர்க்கரை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு உண்டு, அது உங்களுக்கே தெரியாமல் இருக்கும். ஷூவுக்குள் கல் புகுந்தாலும் வலிக்காது, சாயங்காலம் சாக்ஸில் ரத்தம் பார்த்துத்தான் தெரியும். டாக்டர்கள் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை. அதில் குறை தெரிந்தால் நடைபயணம் வேண்டாம், நான் உறுதியாகச் சொல்வேன். பள்ளிக்கு நிதி திரட்ட வேறு ஆயிரம் வழி இருக்கிறது.

கால் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அடுத்த கேள்வியையும் அவரிடமே கேளுங்கள்: நடக்கும் நாட்களில் மாத்திரையோ இன்சுலினோ எவ்வளவு? நீண்ட நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கும். வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு வெயிலில் தனியாகப் போய் மயங்கி விழுந்தால் யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ், கழுத்தில் உங்கள் நோயும் மருந்தும் எழுதிய அட்டை. உங்கள் விஷயத்தில் தனியாக என்பதை விட்டுவிடுங்கள். பூசத்துக்கு அந்த வழியில் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். நாளுக்குப் பதினைந்துக்கு மேல் வேண்டாம்.

தலைமையாசிரியரிடம் இப்போதே பேசிப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கு எண்ணை வாங்கிவிடுங்கள். டாக்டர் சரி என்று சொன்னபின் எனக்கு எழுதுங்கள், முதல் ஆளாக என் பெயரைக் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் என்று போட்டுக்கொள்ளலாம்.